நாற்காலியருகிற் கல்வி: ஐக்கிய அமெரிக்காவில் முடிதிருத்தற் பயிற்சியும் உழைப்பும்

முடிதிருத்தற் கலையைக் கைப்பழக்கத்தினாலன்றிக் கற்க முடியாது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருத்தற்கில்லை. சவரக்கத்தியை எக்கோணத்திற் பிடிப்பது, மயிரின் தன்மைக்கேற்பக் கத்தரிக்கோலை எவ்வாறு ஓட்டுவது என்பனவற்றை நூல்கள் விளக்கலாம். ஆயின் கை அவற்றை அறிவது உயிருள்ள ஒருவரின் தலையிலேதான். எனவே இத்தொழிலைக் கற்பவர் கற்கும்பொழுதே உழைக்கின்றார். அவ்வுழைப்பின் பயன் யாரைச் சேர்கின்றது? அக்கல்வியின் வாயில் யாருக்குத் திறக்கப்படுகின்றது? இவ்விரு வினாக்களும் ஐக்கிய அமெரிக்காவிற் பெற்ற வடிவங்களை இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. தொழிற்குழுவும் அடிமை முறையும்

ஐரோப்பாவில் முடிதிருத்துதல் நெடுங்காலம் தொழிற்குழுக்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இலண்டனில் 1540 இல் முடிதிருத்துநரும் அறுவை மருத்துவரும் ஒரே குழுவாக இணைக்கப்பட்டனர். தொழில் பயில வந்த இளைஞர் ஆசானின் இல்லத்திலேயே தங்கி, பல்லாண்டுகள் அவருக்கு உழைத்தே தொழிலைக் கற்றனர். 1745 இல் அறுவை மருத்துவர் தனிக் குழுவாகப் பிரிந்தனர். அறுவை மருத்துவம் கற்றோரின் துறையாக உயர, முடிதிருத்துதல் வெறுங் கைத்தொழிலாகக் கருதப்படலாயிற்று.

ஐக்கிய அமெரிக்காவில் இக்கைத்தொழில் நிறவேற்றுமையோடு பிணைந்தது. பிறர்க்குப் பணிவிடை செய்யும் தொழிலென வெள்ளையர் இதனை இழிவாக எண்ணியமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், குறிப்பாகத் தென் மாநிலங்களில், அடிமைகளும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவருமே இதிற் பெரிதும் ஈடுபட்டனர். இளைஞர் மூத்தோரின் கடைகளிற் பயின்று, பின்னர் தாமே கடை நிறுவினர். 1858 இல் அடிமையாகப் பிறந்த அலொன்சோ ஹேண்டன், அற்லாண்டாவிற் பெருங் கடைகளின் உரிமையாளராகி, 1905 இல் ஆயுட் காப்புறுதித் துறையிலும் காலூன்றினார். இழிவெனத் தள்ளப்பட்ட தொழிலொன்று கறுப்பினத்தவரின் முன்னேற்றத்துக்கு வழியாயிற்று. எனினும், வெள்ளையருக்குச் சேவை செய்த இத்தகைய கடைகள் பலவற்றிற் கறுப்பின வாடிக்கையாளருக்கு இடமிருக்கவில்லை. முன்னேற்றத்தின் எல்லையை இம்முரண்பாடு தெளிவாகக் காட்டுகின்றது.

2. பள்ளியும் தொழிற்சங்கமும்

1893 இல் ஏ. பி. மோலர் என்பார் சிக்காகோவில் முடிதிருத்தற் பள்ளியொன்றைத் தொடங்கினார். காலப்போக்கில் அதன் கிளைகள் வேறு நகரங்களிலும் தோன்றின. பல்லாண்டுப் பயிற்சிக்குப் பதிலாகச் சில வாரங்களிலேயே தொழிலைக் கற்பிப்பதாக இத்தகைய பள்ளிகள் விளம்பரஞ் செய்தன. பயிற்சிக்குத் தலைகள் வேண்டுமன்றோ? குறைந்த கட்டணத்தில் அல்லது கட்டணமின்றி முடிதிருத்திக்கொள்ள வந்த ஏழை மக்கள் அத்தலைகளை அளித்தனர். வாடிக்கையாளரிடம் கட்டணம் அறவிட்டபோது, பள்ளி இரு வழிகளிலும் வருவாய் பெற்றது. கற்பவர் கற்பதற்கும் பணம் செலுத்தினார். அவருடைய உழைப்பின் விலையும் பள்ளியையே சேர்ந்தது. ஆசான் வீட்டில் மறைந்திருந்த உறவு இங்கு வெளிப்படையான வணிகமாயிற்று எனலாம்.

1887 இல் அமைக்கப்பட்ட முடிதிருத்தும் தொழிலாளரின் சங்கம் இப்பள்ளிகளைக் கடுமையாக எதிர்த்தது. அரைகுறைப் பயிற்சியுடையோர் பெருகினாற் கூலி வீழுமென அது அஞ்சியது, அவ்வச்சம் நியாயமானதே. அனுமதிப்பத்திரச் சட்டங்களை அது ஆதரித்தது. அத்தகைய முதற் சட்டம் 1897 இல் மினெசோற்றா மாநிலத்தில் நிறைவேறியது. தொற்றுநோய் பரவாது காக்கவும் தொழிற்றரத்தைப் பேணவும் இச்சட்டங்கள் உதவின என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் தேர்வுச் சபைகளில் யார் அமர்ந்து யாரைத் தேர்வு செய்வர் என்பதே கறுப்பினத்தவரின் கவலையாயிற்று. ஒகையோ மாநிலத்தில் 1902 இல் முன்வைக்கப்பட்ட சட்டமூலத்தை, கிளீவ்லாந்தில் புகழ்பெற்ற கடையொன்றை நடத்திய ஜோர்ஜ் மயர்ஸ் முன்னின்று எதிர்த்தமை இதனாலேயே. 1926 இல் அற்லாண்டா நகரசபை, வெள்ளையினப் பெண்களுக்கும் சிறுவருக்கும் கறுப்பினத்தவர் முடிதிருத்தலாகாதெனத் தடை விதித்தபோது, அக்கவலை வீணானதன்று என்பது புலனாயிற்று. அத்தடையை ஜோர்ஜியா மாநில உயர் நீதிமன்றம் 1927 இற் செல்லாதாக்கியது.

3. பெண்கள் அமைத்த பள்ளிகள்

கதவுகள் அடைக்கப்பட்டபோது கறுப்பினப் பெண்கள் தமக்கெனக் கதவுகளை அமைத்தனர். முன்பு சலவைத் தொழிலாளியாகக் கூலிக்கு உழைத்த மடம் சி. ஜே. வோக்கர் 1908 இல் பிற்ஸ்பேர்க் நகரில் லீலியா கல்லூரியை நிறுவினார். அனி மலோன் சென்ற் லூயிஸ் நகரில் 1918 இல் போறோ கல்லூரியைத் திறந்தார். வீட்டுவேலையும் சலவையுமன்றி வேறு தொழில் எளிதிற் கிட்டாத பெண்களுக்கு இப்பயிற்சி தனி வருவாய்க்கு வழிவகுத்தது. இந்நிறுவனங்களும் வணிகங்களே, தம் உற்பத்திப் பொருள்களை விற்கும் முகவரையே அவை பயிற்றின. எனினும், இங்குப் பயின்றோர் தம் சமூகத்தினரையே வாடிக்கையாளராகக் கொண்டமையால், வெள்ளை எசமானரின் தயவு அவர்க்கு வேண்டியிருக்கவில்லை. 1957 இல் தென் கரோலைனாவின் ஜோன்ஸ் தீவில், கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவுபெறுவதற்கான எழுத்தறிவைப் புகட்டிய முதற் குடியுரிமைப் பள்ளியின் ஆசிரியராக அமைந்தவர் பேர்னிஸ் றொபின்சன் என்னும் சிகையலங்காரக் கலைஞரே. அவரை வேலையினின்று நீக்க எந்த எசமானராலும் முடியாதிருந்தமை நோக்கற்பாலது.

4. மாணவரா, தொழிலாளரா?

பிற்காலத்தில் எல்லா மாநிலங்களிலும் அனுமதிப்பத்திரம் கட்டாயமாயிற்று. பல மாநிலங்கள் அழகுக்கலைக்கு 1,500 மணித்தியாலப் பயிற்சியை விதித்தன. இதன் பெரும்பகுதி, கட்டணஞ் செலுத்தும் வாடிக்கையாளருக்குப் பள்ளிச் சலூனிற் செய்யும் சேவையாகவே அமைந்தது. பழைய வினா இப்போது நீதிமன்றங்களை அடைந்தது. இவ்வுழைப்புக்குக் கூலி வேண்டுமென மாணவர் தொடுத்த வழக்குகளில், 2017 இல் இரு கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றங்களும் 2019 இல் மற்றொன்றும், பயிற்சியின் முதன்மைப் பயன் மாணவரையே சேர்வதால் அவர் தொழிலாளர் அல்லர் எனத் தீர்த்தன. ஆயின் துப்புரவு வேலை, துணி துவைத்தல் முதலியன பற்றி எழுந்த வழக்கொன்றில், 2020 இல் ஆறாவது மேன்முறையீட்டு நீதிமன்றம், பயிற்சி முழுவதையும் ஒருங்கே நோக்காது, பிணக்குக்குரிய வேலைகளைத் தனித்து ஆராய்தல் வேண்டுமெனக் கூறி, வழக்கைக் கீழ் நீதிமன்றுக்குத் திருப்பியனுப்பியது.

இவ்வேறுபாடு மிக முக்கியமானது என்பது எமது கருத்து. நூறாவது தலையைத் திருத்தும் மாணவி அதிலும் ஏதோவொன்றைக் கற்கலாம். நூறாவது துவாயைத் துவைப்பதில் அவள் கற்பது யாது? ஆசானின் வீட்டிலும், மோலரின் பள்ளியிலும், இன்றைய பயிற்சிச் சலூனிலும் கல்வியும் உழைப்பும் ஒரே கையில் இணைந்தே இருந்து வந்துள்ளன. அவற்றை முற்றாகப் பிரித்தல் இயலாது. ஆயின் கல்வி முடிந்த இடத்தில் உழைப்பு மட்டும் எஞ்சுமாயின், அதற்குக் கல்வியென்னும் பெயரைச் சூட்டிக் கூலியை மறைத்தல் சுரண்டலேயாகும். தொழிற்கல்வியை மதிப்பிடும்போது, எத்தனை மணித்தியாலம் விதிக்கப்பட்டது என்பதோடு நின்றுவிடாது, அம்மணித்தியாலங்கள் யாருக்கு உரியனவாயின என்பதையும் கேட்டல் வேண்டும்.