பெரட்டுக் களத்திலிருந்து நேர்முகத் தேர்வு வரை



சென்ற பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் புக்கிட் தெங்காவிலுள்ள என் இல்லத்திற்கு வந்திருந்தார். மின்னணுப் பொறியியல் இறுதியாண்டு பயில்கிறார். நல்ல புள்ளிகள் பெற்றவர். எனினும் பல்கலைக்கழக வளாகத்திற்கு வந்து ஆள் தேர்வு செய்த மூன்று நிறுவனங்களும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

"பாடக் கேள்விக்கெல்லாம் விடை தெரியும் டீச்சர். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். தலை தானாகக் குனிந்துவிட்டது" என்றார்.

அந்தக் குனிந்த தலை அவருடையது மட்டும்தானா? அவர் சென்ற பிறகு நெடுநேரம் இதையே எண்ணிக் கொண்டிருந்தேன். நம்மவர் இந்த மண்ணில் வேலை பெற்ற வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால் விடை கிடைக்கும் என்று தோன்றியது. அதனையே இங்கு எழுதுகிறேன்.

கங்காணியின் வாக்கு

இன்று செபராங் பிறை என நாம் அழைக்கும் நிலப்பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் உழைக்கத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தபோது கங்காணி முறை ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. கங்காணி தம் ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் திரட்டி வருவார். அவர் கொண்டுவந்த ஆள்கள் வேலைக்கு வரும் நாளுக்கு ஏற்ப அவருக்குத் 'தலைக்காசு' கிடைக்கும். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களை அனுப்புவதற்குத் தடை விதிக்கும் வரை இம்முறை நீடித்தது.

இம்முறையில் நேர்முகத் தேர்வு என்பதே இல்லை. கங்காணியின் வாக்கே நற்சான்று. விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டால் குரல் கொடுக்க வேண்டும். துரை வந்தால் தலை தாழ்ந்திருக்க வேண்டும். 'நான் இதனை நன்றாகச் செய்வேன்' என்று தன்னைப் பற்றிச் சொல்ல அங்கு எவருக்கும் தேவை ஏற்படவில்லை. துணிந்து வாய் திறந்தவருக்கு வேலையோடு லயத்து வீடும் பறிபோகக்கூடும். ஆகவே 'பெரியவர் முன்னால் பேசாதே' என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த பெற்றோரைக் குறை சொல்ல இயலாது. அன்று மௌனமே குடும்பத்தைக் காத்த அறிவு.

வயல்வெளியில் எழுந்த ஆலைகள்

1969இல் பினாங்கு தனது சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. அதே ஆண்டு முதலமைச்சர் பொறுப்பை ஏற்ற டாக்டர் லிம் சோங் இயூ, ஏற்றுமதிக்கான தொழிற்சாலைகளை மாநிலத்திற்கு வரவழைப்பதே வழி என முடிவு செய்தார். பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1969இல் தோன்றியது. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன், லிட்ரோனிக்ஸ் ஆகிய முன்னோடி நிறுவனங்களை 'எட்டு சாமுராய்கள்' என இன்றும் குறிப்பிடுவர். பெருநிலத்தில் பிறையிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன.

அன்றைய ஆள்சேர்ப்பில் கேட்கப்பட்டவை வேறு. தலைமுடியினும் மெல்லிய தங்கக் கம்பியை நுண்ணோக்கியின் வழி பார்த்துச் சில்லோடு இணைக்கும் வேலை அது. கூரிய பார்வையும் நடுங்காத விரல்களுமே முதல் தகுதிகள். கம்பத்துப் பெண்களும் தோட்டத்துப் பெண்களும் ஆலைப் பேருந்துகளில் ஏறினர். பால்மரத்தை நம்பிய வீடுகளில் மாதச் சம்பளம் என்ற ஒன்று நுழைந்தது.

ஆயினும் எல்லாருக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய உரிமம் பெற வேண்டியிருந்தது. இந்நாட்டில் பல்லாண்டு உழைத்தும் நீல அடையாள அட்டை பெறாத நம்மவர் பலர் இதனால் அல்லலுற்றனர். திறமையைக் கேட்பதற்கு முன்பே தாளைக் கேட்ட காலம் அது.

கை வேலையிலிருந்து மூளை வேலைக்கு

தொடக்கத்தில் சில்லுகளைப் பொருத்துவதும் சோதிப்பதுமே பினாங்கின் பணி. காலப்போக்கில் இயந்திரங்கள் தானியங்கியாயின. வடிவமைப்புப் பணிகளும் இங்கு வந்தன. விரல்களின் தேவை குறைந்து பொறியியலாளரின் தேவை கூடியது. 1989இல் தொழில் நிறுவனங்களும் மாநில அரசும் கல்விக் கழகங்களும் கைகோத்துப் பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தை அமைத்ததற்கு இதுவே காரணம்.

பல்கலைக்கழகத்தின் பயணமும் சுவையானது. 1969இல் பினாங்குப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. அதன் பொறியியல் பிரிவு 1986இல் பேராக்கிற்கு இடம் மாறியது. 2001இல் மீண்டும் பினாங்கு மாநிலத்திற்கே திரும்பி நிபோங் திபாலில் குடிகொண்டது. கரும்பும் ரப்பரும் செம்பனையும் மாறி மாறி விளைந்த வட்டாரம் அது. நம் முன்னோர் பெரட்டுக்கு நின்ற அதே வட்டாரத்தில் இன்று நம் பிள்ளைகள் மின்சுற்று வரைகின்றனர். அருகிலுள்ள பத்து காவானும் தோட்டப் பூமியாக இருந்து தொழிற்பேட்டையாகிவிட்டது. 2014இல் இரண்டாம் பாலம் திறக்கப்பட்டதும் அதன் வளர்ச்சி விரைந்தது. ஆகவே வேலை நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது என்பேன். வாசலில் நிற்பவரிடம் பேசத்தான் நமக்குப் பழக்கம் போதவில்லை.

நேர்முகத் தேர்வு எதைக் கேட்கிறது?

பெற்றோர்கள் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வளாக நேர்முகத் தேர்வு மனப்பாடத் தேர்வு அன்று. அடிப்படைப் பாடத்தில் சில கேள்விகள் வரும். அதன்பின் இறுதியாண்டுத் திட்டப்பணியை விளக்கச் சொல்வார்கள். 'ஏன் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தீர்? எங்கே பிழை நேர்ந்தது? எப்படிக் கண்டுபிடித்தீர்?' என்பார்கள். குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர் என்றும் கேட்பார்கள். சூழல், பணி, செயல், விளைவு என்ற நான்கு படிகளில் விடை சொல்வது நல்ல பழக்கம்.

தொழிலியல் பயிற்சிக் காலத்தையும் பலர் வெறும் சடங்காகக் கருதுகின்றனர். உண்மையில் அதுவே நீண்டதொரு நேர்முகத் தேர்வு. அங்கு கேள்வி கேட்டுக் கற்றவரை மேலாளர் நினைவில் வைத்திருப்பார்.

என் மாணவரிடம் அவருடைய திட்டப்பணியை எனக்குப் புரியும்படி தமிழில் சொல்லச் சொன்னேன். தயங்கித் தயங்கித் தொடங்கினார். பத்து நிமிடத்தில் கைகள் காற்றில் மின்சுற்று வரையத் தொடங்கிவிட்டன. தலை நிமிர்ந்தது. பின்னர் அதையே ஆங்கிலத்தில் சொன்னார். இடையிடையே தடுமாறினாலும் நிறுத்தவில்லை. அவரிடம் குறைந்திருந்தது ஆங்கிலம் மட்டுமன்று. தன் உழைப்பைத் தானே எடுத்துரைக்கலாம் என்ற அனுமதியை இதுவரை அவருக்கு எவரும் அளித்திருக்கவில்லை.

நம் பங்கு

விடைபெறும்போது அவர் சிரித்துக்கொண்டே சொன்ன ஒன்று என்னைச் சுட்டது. "மூன்றாம் ஆண்டில் என் மதிப்பீட்டு அறிக்கையில் 'அமைதியான நல்ல மாணவர்' என்று எழுதியிருந்தீர்கள் டீச்சர். அம்மா இன்னும் வைத்திருக்கிறார்."

பாராட்டாகவே அதனை எழுதினேன். நாற்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் அமைதியானவர் எனக்கு வசதியானவராக இருந்தார் என்பதே உண்மை. பெரட்டுக் களத்து வழக்கத்தை நானும் அறியாமல் வகுப்பறைக்குள் கொண்டுவந்திருக்கிறேன்.

2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்ட பிறகு வகுப்புசார் மதிப்பீடு நம் கையில் உள்ளது. அதனைப் பயன்படுத்தி வாரம் ஒரு முறையேனும் ஒவ்வொரு பிள்ளையையும் எழுந்து பேச வைக்கலாம். அறிவியல் பாடத்தில் சோதனை செய்தபின் 'நீ என்ன செய்தாய்? ஏன்?' என்று கேட்கலாம். விடை தவறினாலும் முழுமையாகக் கேட்கலாம். பெற்றோர்களே, விருந்தினர் உங்கள் பிள்ளையிடம் கேள்வி கேட்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு விடை சொல்லாதீர்கள். பணிவு வேண்டும், அது நம் பண்பு. ஆனால் பணிவாகவும் பேசலாம் அல்லவா?

அந்த மாணவர் அடுத்த மாதம் மற்றொரு நேர்முகத் தேர்வுக்குச் செல்கிறார். முடிவு எதுவாயினும் மீண்டும் வந்து சொல்வதாகக் கூறியுள்ளார். அதுவரை என் இரண்டாம் ஆண்டு வகுப்பில், கடைசி வரிசையில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் சிறுமியின் குரலைக் கேட்க முயன்று கொண்டிருப்பேன்.

உங்கள் வகுப்பிலும் அப்படி ஒருவர் இருப்பார். நாளை அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். விடை வரும் வரை காத்திருங்கள்.