விழாவுக்கு ஒரு மயில்

தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் பல உள்ளன. ஆயுதம் ஏந்திய வீரன் உருவம். சிலவற்றில் வட்டெழுத்து வரிகள். எழுத்தறியாதவனும் உருவத்தைக் கண்டே, போரில் ஒருவன் பட்டான் என அறிவான். திரைப்பட விழாவுக்குச் சின்னமும் சுவரொட்டியும் வரைவோர் பணியும் இத்தகையதே என்பேன்.

நம் நாட்டின் முதல் அனைத்துலகத் திரைப்பட விழா 1952 ஜனவரி 24-ஆம் நாள் பம்பாயில் தொடங்கிற்று. பின்னர் சென்னைக்கும் வந்தது. 1951-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியரில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேரே. அவர்களும் பல மொழியினர். எம்மொழியில் அச்சிட்டாலும் பெரும்பாலோர்க்கு அது வெறுங்கோடு.

மூன்றாம் விழா 1965-இல் டில்லியில் நிகழ்ந்தது. (தருமபுரி தனி மாவட்டமானதும் அவ்வாண்டே.) முதன்முறையாகப் போட்டியும் வைத்தனர். மயில் நிலையான சின்னமாயிற்று. ‘வசுதைவ குடும்பகம்’, அதாவது உலகே ஒரு குடும்பம் என்னும் வடமொழித் தொடர் நிலையான முழக்கமாயிற்று. தொடருக்கு உரை வேண்டும், மயிலுக்கு வேண்டா. 1963-இல் தேசியப் பறவையானது அது. நமக்கோ முருகன் ஊர்தி. அயல்நாட்டார்க்கும் கண்ணுக்கு விருந்தே. ஆயினும் மாணவர்களே, தோகைக் கண் அனைத்தையும் வரைந்துவிடாதீர்கள். பெரிய பதாகையில் அது பொலியும், சிறிய நுழைவுச்சீட்டிலோ மை அப்பிக்கொள்ளும்.

சின்னமே பரிசுமாயிற்று. முதல் தங்க மயிலைப் பெற்றது, இலங்கையின் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய ‘கம்பெரலிய’ என்ற சிங்களப் படம். நடுவர் குழுவின் தலைவர் சத்யஜித் ராய்; விளம்பர நிறுவனத்தில் ஓவியராயிருந்து, பின்னர்த் தம் படங்களுக்குத் தாமே சுவரொட்டி வரைந்தவர்.