எக்ஸ்-மென் படங்களும் மாற்ற முடியாத ஓர் ஆண்டும்

ஒரே கதையை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சொல்லுகின்றவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. முன்னர் சொன்னதை அவர்களே மறந்துவிடுவார்கள், கேட்டவர்கள் மறப்பதில்லை. தொடர்கதைகளை வெளியிட்ட பத்திரிகை அலுவலகங்களுக்கு இது நன்கு தெரிந்த விடயம். மூன்றாம் அத்தியாயத்தில் இறந்தவர் இருபதாம் அத்தியாயத்தில் எழுந்து நடந்தால், மறு வாரமே வாசகர் கடிதம் வந்து சேரும். ஹொலிவூட்டின் எக்ஸ்-மென் திரைப்பட வரிசைக்கு நேர்ந்ததும் இதுவே.

எக்ஸ்-மென் என்பது ஸ்டான் லீ, ஜாக் கேர்பி ஆகிய இருவரும் 1963இல் உருவாக்கிய சித்திரக்கதையாகும். பிறப்பிலேயே அசாதாரண ஆற்றல் பெற்று, அந்தக் காரணத்தினாலேயே சமூகத்தால் அஞ்சி ஒதுக்கப்படும் மனிதர்களின் கதை அது. அவர்களுக்கு இரு தலைவர்கள். ஏனைய மனிதர்களோடு இணைந்து வாழ முடியும் என்று நம்புகின்றவர் பேராசிரியர் சேவியர். அவர்கள் நம்மை வாழவிட மாட்டார்கள் என்று கருதுகின்றவர் மக்னீட்டோ. 2000ஆம் ஆண்டில் பிறையன் சிங்கர் இதனைத் திரைப்படமாக்கினார். அப்படத்தின் வெற்றியைத் தொடர்ந்து 2003இல் இரண்டாவது படமும் 2006இல் மூன்றாவது படமும் வெளிவந்தன.

சிக்கல் மூன்றாவது படத்திலிருந்து ஆரம்பமாகியது. சிங்கர் விலகிச் சென்று சூப்பர்மேன் படமொன்றை இயக்க, பிரெட் ரட்னர் இயக்கிய அந்தப் படத்தில் சைக்ளொப்ஸ், ஜீன் கிறே, சேவியர் ஆகிய மூவரும் இறந்துபோனார்கள். முதலிரு படங்களிலும் முக்கிய இடம் வகித்த சைக்ளொப்ஸின் மரணம் திரையில் காட்டப்படவே இல்லை. இரசிகர்கள் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை.

2009இல் வுல்வரினின் முற்கதை வந்தது. அதன் இறுதிப் பகுதியில், தமது மனோசக்தியால் சிறுவர்களுக்கு வழிகாட்டும் சேவியர், கால்களை ஊன்றி நின்று அவர்களை வரவேற்கிறார். வியட்நாம் போருக்குப் பின்னர் நிகழ்வதாக அமைந்த காட்சி இது. இரண்டே ஆண்டுகளின் பின்னர், 2011இல் வெளியான ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’ படமோ, 1962ஆம் ஆண்டின் கியூப ஏவுகணை நெருக்கடியின்போதே அவர் முதுகில் குண்டு பாய்ந்து நடக்கும் ஆற்றலை இழந்ததாகக் கூறியது. முதற் படத்தில் சேவியர், தாம் பதினேழு வயதில் மக்னீட்டோவைச் சந்தித்ததாகச் சொல்லியிருந்தார். ஐந்தாவது படத்திலோ இருவரும் வளர்ந்த மனிதர்களாக 1962இல்தான் முதன்முதலாகச் சந்திக்கின்றனர். மொய்ரா என்ற மருத்துவர், முந்திய காலத்துக்குரிய கதையில் அமெரிக்க உளவுத்துறை அதிகாரியாக மாறியிருந்தார்.

இவற்றையெல்லாம் பட்டியலிட்டவர்கள் விமர்சகர்கள் அல்லர்; இரசிகர்களே. அவர்களுள் ஒரு சாரார் சினந்தனர். மறு சாரார் விளக்கம் தேடினர். இந்த இரண்டாவது மரபு பழைமையானது. 1960களில் மார்வல் நிறுவனத்திற்கு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் கதைப் பிழைகள் சுட்டிக்காட்டப்படுவது வழக்கம். அதற்கு ஸ்டான் லீ கண்ட மறுமொழி சுவையானது. ‘பரிசில்லாப் பரிசு’ ஒன்றை அவர் அறிவித்தார். பரிசு பெற்றதாக அச்சிட்ட வெற்றுக் கடிதவுறையொன்று வாசகருக்குச் சென்று சேரும். உள்ளே எதுவும் இராது. காலப்போக்கில், பிழையைக் கண்டால் மட்டும் போதாது, அது பிழையன்று என்று காட்டும் விளக்கத்தையும் வாசகரே தரவேண்டும் என்ற நிலை உருவாகியது. கதாசிரியர் கிழித்த துணியை வாசகர் தைத்துக் கொடுத்தார் எனலாம்.

திரைப்படத் தயாரிப்பாளர்கள் தைப்பதற்குப் பதிலாக வெட்டும் வழியைத் தேர்ந்தெடுத்தனர். 2014இல் மீண்டும் சிங்கரின் இயக்கத்தில் வந்த ‘டேய்ஸ் ஒஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ படத்தில், வுல்வரினின் மனம் 1973ஆம் ஆண்டுக்கு அனுப்பப்படுகிறது. அங்கே வரலாறு திசைமாற, இறந்த ஜீனும் சைக்ளொப்ஸும் இறுதிக் காட்சியில் உயிருடன் நிற்கிறார்கள். இரசிகர்கள் மகிழ்ந்தனர். எனினும் கூர்ந்து நோக்கியவர்கள் ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை. 1973இல் வெட்டினால் அதற்குப் பின்னர் நிகழ்ந்தவை மட்டுமே அழியும். இருவரும் பதினேழு வயதில் சந்தித்தனரா, 1962இல் சந்தித்தனரா என்ற முரண்பாடு வெட்டுக்கு அப்பால் அப்படியே கிடக்கிறது.

அப்படி வெட்டுக்கு அப்பால் நிற்கும் இன்னோர் ஆண்டும் உண்டு. அது 1944. முதற் படத்தின் முதற் காட்சி அந்த ஆண்டின் போலந்தில் தொடங்குகிறது. நாஜி வதைமுகாமில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படும் யூதச் சிறுவன் ஒருவனின் கதறலில் இரும்பு வாயில் வளைகிறது. அந்தச் சிறுவனே மக்னீட்டோ. 2011இல் வெளியான படமும் அதே காட்சியை மீள எடுத்தே தொடங்கியது. ஏனைய யாவும் மாறிய இந்த வரிசையில் மாறாதிருந்த நிகழ்வு இது.

இதுவும் மூலக்கதையில் ஆதியிலிருந்தே இருந்ததன்று என்பது குறிப்பிடத்தக்கது. 1963இன் மக்னீட்டோ வெறும் கொடியவன். அவரை ஒஷ்விற்ஸ் முகாமிலிருந்து மீண்டவராக 1981இல் மாற்றியவர் கதாசிரியர் கிறிஸ் கிளெயர்மொண்ட். பழங்கதையைப் பின்னாளில் திருத்துவது எப்போதும் கேடன்று என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று கிடையாது. அந்தத் திருத்தத்தின் பின்னரே அவரது சினத்திற்கு ஒரு நியாயம் பிறந்தது. ஆனால், கற்பனை மாந்தர் ஒருவரை மெய்யான வரலாற்றோடு பிணைத்தால் அந்த வரலாற்றின் காலக்கணக்கும் கூடவே வந்துவிடும். சித்திரக்கதைக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. 1970களின் கதைகளிலேயே மக்னீட்டோ குழந்தையாக்கப்பட்டு, பின்னர் இளமை மாறாத மனிதராக மீட்கப்பட்டிருந்தார். திரைப்படங்களோ அப்படியொரு விளக்கத்தைத் தரவில்லை. 2019இன் ‘டார்க் ஃபீனிக்ஸ்’ 1992இல் நிகழ்கிறது. 1944இல் சிறுவனாயிருந்தவர் அப்போது அறுபதை நெருங்கியிருக்க வேண்டும். திரையில் நாம் கண்ட மைக்கல் ஃபாஸ்பெண்டருக்கோ நாற்பது வயதுத் தோற்றம்.

இரசிகர்கள் இதனை வேடிக்கையாகப் பேசினர். என் மனதை உறுத்தியது வேறொன்று. 2016இல் வெளியான ‘அபொகலிப்ஸ்’ படத்தின் கதை 1983இல் நிகழ்கிறது. அதில் மக்னீட்டோ ஒஷ்விற்ஸ் முகாமைத் தமது ஆற்றலால் தகர்த்துத் தரைமட்டமாக்குகிறார். ஏறத்தாழ 11 இலட்சம் மக்கள் கொல்லப்பட்ட இடம் அது. 1945 ஜனவரி 27இல் சோவியத் படைகளால் விடுவிக்கப்பட்டு, 1947இல் நினைவகமாக்கப்பட்டு, இன்றும் காணச் செல்வோருக்குச் சாட்சியமாக நிற்கிறது. நடக்க முடியாதவர் நடந்தமை கதைக்குள் நேர்ந்த பிழை. பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியத்தை, பாதிக்கப்பட்ட ஒருவரின் கையாலேயே, ஒரு கண்கவர் காட்சிக்காக அழிப்பது கதைக்கு வெளியே நீளும் பிழை. சக்கர நாற்காலி பற்றி எழுந்த விவாதத்தோடு ஒப்பிடுகையில் இதுபற்றி எழுந்த விவாதம் சிறிதே.

2019 மார்ச்சில் டிஸ்னி நிறுவனம் ஃபொக்ஸ் நிறுவனத்தை வாங்கியதோடு அந்த வரிசை முடிவை எட்டியது. 2017இன் ‘லோகன்’ படத்தில் இறந்த வுல்வரினை 2024இல் மீளக் கொணர்ந்தபோது, வேறோர் உலகத்தைச் சேர்ந்த வுல்வரினையே காட்டினார்கள். இறந்தவரின் எலும்புகள் கல்லறையில் இருந்தன. தாங்கள் கண்ணீர் விட்ட மரணத்தை இல்லையென்று ஆக்கிவிடாதீர்கள் என்ற இரசிகர்களின் கோரிக்கைக்கு ஓரளவேனும் மதிப்பளித்த ஏற்பாடு அது.

இரசிகர்களின் கணக்குப் பார்க்கும் வழக்கத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று எள்ளுவோர் பலர். நான் அவ்வாறு கருதவில்லை. நேற்று ஒன்று சொன்னீர்கள், இன்று வேறொன்று சொல்கிறீர்கள் என்று எழுந்து கேட்பது நல்ல பழக்கம். திரைப்படத்தில் பழகினால் பிற இடங்களிலும் அது கைகொடுக்கும். எந்தப் பிழையை முதலில் கேட்பது என்பதையும் அதனுடன் சேர்த்துப் பழகிக்கொள்ள வேண்டும்.