அனுப்புநரின் நாடும் அஞ்சல் தடுப்பும்

சிறு நிறுவனமோ கல்லூரித் துறையோ தனக்கென நடத்தும் அஞ்சல் வழங்கியில் வேண்டா அஞ்சல் பெருகினால், நிர்வாகியின் கை பெரும்பாலும் நாட்டுத் தடையை நோக்கித்தான் நீளும். பதிவேட்டில் தமக்குத் தொடர்பே இல்லாத சில நாடுகளின் ஐபி முகவரிகள் தென்படும். அந்நாடுகளின் தொகுதிகளை ஃபயர்வாலில் மொத்தமாக அடைத்துவிடுவார். இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி என்னும் அஞ்சல் அனுப்பும் நெறிமுறையில் அனுப்புநர் பெயரையும் முகவரியையும் எவரும் பொய்யாக இடலாம். இணைப்பு வரும் ஐபி முகவரியை அப்படிப் பொய்யாக்குவது கடினம். மறுமொழி அங்கே போய்ச் சேர்ந்தால்தான் உரையாடல் தொடரும். கடிதத்தைப் பெறுமுன்பே கிடைக்கும் நம்பத்தக்க தகவல் அது.

முகவரி உறுதியானது என்பதால் அதன் நாடும் உறுதியானது என்று கொள்வதில்தான் வாதம் சறுக்குகிறது. ஏபிநிக், ரைப் போன்ற மண்டலப் பதிவகங்களின் ஏடுகள் முகவரி யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதையே சொல்கின்றன. கணினி எங்கே இயங்குகிறது என்பதை அவை அறியா. 2011 பிப்ரவரியில், இப்பதிவகங்களுக்கு முகவரிகளை வழங்கும் ஐயானாவின் ஐபிவி4 முகவரிக் கையிருப்பு தீர்ந்தபின் முகவரிகளை விலைக்கு வாங்குவது பெருகியது. 2014இல் மைக்ரோசாஃப்ட் தன் அமெரிக்கத் தரவு மையங்களில் வேறு நாடுகளில் பதிவான முகவரிகளைப் பயன்படுத்த நேர்ந்தது. அங்கிருந்த கணினிகள் பிரேசிலில் இருப்பதாகச் சில தளங்கள் எடுத்துக்கொண்டன. இன்னொன்றும் உண்டு. நமக்குத் தெரிவது எழுதியவரின் இடமன்று, கடைசியாகக் கடிதத்தைக் கையளித்த வழங்கியின் இடம். நைரோபியிலிருந்து ஜிமெயிலில் எழுதுபவரின் கடிதம் கூகுளின் முகவரியிலிருந்து வந்து தடையைக் கடந்துவிடும். அதே ஊரில் சொந்த வழங்கி நடத்தும் கல்லூரியின் கடிதம் சிக்கிக்கொள்ளும். பெருநிறுவனத்தைச் சாராமல் நிற்பவர்களையே இத்தடை தண்டிக்கிறது. சிறு வழங்கி நடத்தும் ஒருவர் இதைச் செய்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பதிவேட்டில் தென்படும் நாடு குற்றவாளியின் நாடும் அன்று. 2008 நவம்பர் 11 அன்று, கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் இயங்கிய மெக்கோலோ என்னும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டதும் உலகின் வேண்டா அஞ்சல் பாதிக்கும் கீழே சரிந்தது. கடிதங்களை அனுப்பியவை பல நாடுகளில் தீநிரல் புகுந்த சாதாரணக் கணினிகள்; அவற்றை ஏவிய வழங்கிகள் அமெரிக்காவில் இருந்தன. நாடு பார்த்து அடைத்தவர்கள் பாதிக்கப்பட்டவர்களையே அடைத்திருந்தார்கள்.

அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான வெரிசானும் இப்படித்தான் 2004 இறுதியில் ஐரோப்பாவிலிருந்து வந்த அஞ்சலைப் பரவலாக மறித்தது. வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2006இல் இழப்பீட்டு உடன்பாட்டில் அது முடிந்தது. பெரிய நிறுவனத்திடம் வழக்காடவாவது வழி உண்டு. சிறு வழங்கியின் தடையால் தொலைந்த கடிதத்தை யாரும் தேடுவதில்லை.

ஆயினும் நாட்டுத் தகவலை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. அஞ்சலை அனுப்பவும் படிக்கவும் 587, 993 ஆகிய போர்ட்டுகளில் நுழைபவர்கள் நம் சொந்தப் பயனர்கள். அவர்கள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். கடவுச்சொல்லை ஊகித்துத் தாக்குவோரை அங்கே நாட்டளவில் தடுப்பது தகும். பிற வழங்கிகளின் அஞ்சலைப் பெற, முன்பின் அறியாதவர்களுக்கென்றே திறந்திருக்கும் 25ஆம் போர்ட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது. அங்கே நாடு ஒரு சான்றாக மட்டும் நிற்கட்டும்: ஸ்பேம்அசாசின் என்னும் வடிகட்டி மென்பொருளின் ஐந்து புள்ளி வரம்பில் ஒரு புள்ளியாகவோ, 2003இல் இவான் ஹாரிஸ் முன்வைத்த கிரேலிஸ்டிங் முறைப்படி அந்நாட்டு இணைப்புகளைத் தற்காலிகமாகத் திருப்பியனுப்பும் காரணமாகவோ.

எப்படியும் மறுத்தே தீர வேண்டும் என்றால், ஃபயர்வாலில் மறுக்கக் கூடாது. ஃபயர்வால் பொட்டலங்களை ஓசையின்றி விழுங்கினால், அனுப்பிய வழங்கி நான்கைந்து நாள் முயன்றபின்தான் தோல்வி அறிவிக்கும்; காரணமும் தெரியாது. அஞ்சல் மென்பொருளே 550 என்னும் மறுப்புக் குறியீட்டைக் காரணத்தோடு தந்து மறுத்தால் அனுப்பியவருக்கு உடனே செய்தி போய்ச் சேரும். பெறுநர் முகவரியைக் கேட்டபின் மறுத்தால், போஸ்ட்மாஸ்டர் என்ற முகவரிக்கு விலக்கும் அளிக்கலாம். அந்த முகவரியை ஏற்க வேண்டும் என்பது எஸ்எம்டிபி விதி. தவறாகத் தடுக்கப்பட்டவர் முறையிட எஞ்சியிருக்கும் வழியும் அதுவே.