புற்றுநோய்ச் சிகிச்சையில் உற்றாரின் துணை

புற்றுநோய்க்கான சிகிச்சை பெரும்பாலும் மாதக்கணக்கில் நீள்வது. அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு என்று எந்த வழியில் போனாலும், நோயாளி மருத்துவமனையில் கழிக்கும் நேரத்தைவிட வீட்டில் கழிக்கும் நேரமே பலருக்கும் அதிகம். அந்த நேரத்தில் சாப்பாடு, மருந்து, பயணம், பணம், மனநிலை என எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரையும் நண்பர்களையும் மருத்துவ உலகம் பராமரிப்பாளர்கள் என்று குறிப்பிடுகிறது. சிகிச்சை முடியும்வரை நோயாளி நம்பிக்கை தளராமல் இருப்பதற்கு இவர்களே பெரிய காரணம்.

இந்தியாவில் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங். 2011 மார்ச் 20 அன்று சென்னை சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தில், வெயிலில் ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தபடி 113 ரன் அடித்தார். அந்தத் தொடரில் 362 ரன்களும் 15 விக்கெட்டுகளும் எடுத்துத் தொடர் நாயகன் ஆனார். இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே செமினோமா வகைப் புற்றுநோய்க் கட்டி வளர்ந்திருந்தது பின்னர்தான் தெரிந்தது. 2012 தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்னின் மேற்பார்வையில் அவருக்குக் கீமோதெரபி நடந்தது. தாய் ஷப்னம் சிங் கூடவே இருந்தார். இந்திய அணியின் முன்னாள் தலைவர் அனில் கும்ப்ளே அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று, அதே சேப்பாக்கத்தில், நியூசிலாந்துக்கு எதிரான டி20 ஆட்டத்தில் யுவராஜ் மட்டையோடு இறங்கியபோது அரங்கமே எழுந்து நின்றது. அவர் 26 பந்துகளில் 34 ரன் எடுத்தார். இந்தியா ஒரு ரன்னில் தோற்றது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். யுவராஜுக்கு வந்தது மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை. 1974இல் இதே ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டின் மருந்தை வேறு இரண்டு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கும்வரை, உடலில் பரவிவிட்ட விதைப்பைப் புற்றுநோயில் பிழைத்தவர்கள் சிலரே. செமினோமாவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. கட்டியைக் கரைத்தது மருந்து. அந்த மருந்தின் கொடுமையைத் தாங்கிச் சிகிச்சையை முடிக்க உடனிருந்தவர்கள் உதவினார்கள்.

“தைரியமா இருந்தாலே பாதி நோய் போயிடும்” என்று, பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடிப் பையை மேசையில் வைத்துவிட்டுச் சொல்வது வழக்கம். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு, தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய் கொண்ட 578 பெண்களைக் குறைந்தது ஐந்தாண்டுகள் கண்காணித்தது. போராட்டக் குணம் மிகுந்தவர்கள் கூடுதலாகப் பிழைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் முற்றிலும் நம்பிக்கையிழந்து கிடந்தவர்களுக்கு விளைவு ஓரளவு மோசமாக இருந்தது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் கொண்ட 1,093 பேரை வைத்து 2007இல் வெளியான ஆய்விலும் மனநிலைக்கும் ஆயுளுக்கும் தொடர்பு காணப்படவில்லை. இதில் நோயாளிக்குப் பெரிய ஆறுதல் இருக்கிறது. ஓர் இரவு முழுக்க அழுதாலும் அதனால் கட்டி வளர்ந்துவிடாது. நோய் திரும்பினால் அது அவர் மனம் தளர்ந்ததன் தண்டனையும் ஆகாது. எப்போதும் சிரித்த முகத்தோடு இருக்கச் சொல்லி அவரை வற்புறுத்துவது வீண் பாரம்.

துணை இருப்பதால் வரும் பயன் வேறு இடத்தில் தெரிகிறது. அமெரிக்காவில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளின் பதிவுகளை அலசிய 2013ஆம் ஆண்டு ஆய்வில், மணவாழ்வில் இருந்தவர்களுக்கு நோய் பரவும் முன்பே கண்டறியப்படுவது அதிகமாக இருந்தது. உரிய சிகிச்சையை அவர்களே அதிகம் பெற்றார்கள். அந்நோயால் இறப்பதும் அவர்களிடம் குறைவு. “அந்தக் கட்டி என்னன்னு போய்க் காட்டிட்டு வாங்க” என்று விரட்ட வீட்டில் ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்த எண்களிலிருந்து ஊகிக்கலாம். அது கணவனோ மனைவியோதான் என்றில்லை. அக்கா, மகன், பக்கத்து வீட்டுத் தோழி யாரும் அந்த வேலையைச் செய்யலாம்.

கீமோ நாளன்று நடப்பதைக் கவனித்தால் துணையின் பயன் விளங்கும். முதலில் ரத்தப் பரிசோதனை. அணுக்களின் எண்ணிக்கை இறங்கியிருந்தால் அன்று மருந்து ஏற்ற மாட்டார்கள், தேதி தள்ளிப்போகும். ஃபைலையும் ஸ்கேன் படங்களையும் சுமந்துகொண்டு, டோக்கன் எண் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு, மருந்துக் கடைக்கும் பணம் கட்டும் இடத்துக்கும் நடப்பவர் கூட வந்தவர்தான். உண்மையான கவனம் வீடு திரும்பிய பிறகு தேவைப்படுகிறது. பெரும்பாலான கீமோ மருந்துகளுக்குப் பிறகு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் வீட்டு வைத்தியம் உதவாது. நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். “காலையில பார்த்துக்கலாம்” என்றுதான் நோயாளி சொல்வார். தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு உடனே ஆட்டோ பிடிக்கிறவர் அன்று ஓர் உயிரைக் காப்பாற்றுகிறார்.

சாப்பாடு இன்னொரு போராட்டம். வாய்ப்புண், குமட்டல், நாக்கில் உலோகச் சுவை எல்லாம் சேர்ந்துகொள்ளும். நேற்றுவரை விரும்பிச் சாப்பிட்ட மீன் குழம்பின் வாசனையே பிடிக்காமல் போகும். ஆறிய கஞ்சி, குழைந்த ரசம் சாதம் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாலு வாய் கொடுத்தால் உள்ளே போகும். எவர்சில்வர் ஸ்பூனுக்குப் பதிலாக பிளாஸ்டிக் ஸ்பூன் வைத்தால் உலோகச் சுவை கொஞ்சம் குறையும். “சாப்பிட்டாத்தானே தெம்பு வரும்” என்று அதட்டுவதால் ஒரு வாய்கூடக் கூடுதலாக இறங்காது.

நம் குடும்பங்களில் நிலவும் ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். “அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம் டாக்டர்” என்று அறைக்கு வெளியே மருத்துவரிடம் கெஞ்சுகிறார்கள். பாசத்தால் செய்வதுதான், ஆனாலும் தவறு. மருத்துவமனையின் பெயர்ப்பலகையும், பக்கத்துப் படுக்கையில் முடி கொட்டிப்போனவரும், வீட்டாரின் கிசுகிசுப்பும் நோயாளிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. பிறகு இரு தரப்பும் தெரியாததுபோல் நடிக்க வேண்டியதாகிறது. பயத்தைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லாமல் அவர் தனித்துப் போகிறார். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்டு, அந்த அளவு சொல்வதே இன்று ஏற்கப்பட்ட மருத்துவ முறை.

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கும் ஒரு குடும்பத் துயரம்தான் வித்து. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்த வேதனையில் பிறந்த உறுதி, 1954இல் 12 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையானது. மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021இல் மறையும்வரை அதை விட்டு விலகவில்லை. இப்படிப்பட்ட மருத்துவமனைகளுக்கு வெளியூரிலிருந்து குழந்தையைச் சிகிச்சைக்குக் கூட்டிவரும் பெற்றோருக்குத் தங்க இடமில்லாததே பெரிய இடி. பாதியில் ஊர் திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. இதற்காகவே 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா குழந்தைகள் நல மையங்கள், சென்னை, வேலூர் உட்படப் பல நகரங்களில் இலவசத் தங்குமிடம் தருகின்றன. ஒவ்வொரு குடும்பமும் தானே சமைத்துக்கொள்ள அங்கே வசதி உண்டு.

கவனித்துக்கொள்கிறவருக்கும் உடம்பு இருக்கிறது. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, வேலைக்கு விடுப்பு தீர்ந்து, தன் சர்க்கரை மாத்திரையை மறந்து ஓடுகிறவரிடம், “வியாழக்கிழமை கீமோவுக்கு நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க தூங்குங்க” என்று உறவினர் ஒருவர் சொன்னால் அது பேருதவி.

துணைக்குப் போகிறவரின் தேவையை இந்திய ரயில்வேயும் ஏற்றிருக்கிறது. சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதி வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் கிடையாது. உடன் செல்லும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதச் சலுகை உண்டு. இதற்கான படிவத்தில் மருத்துவமனை கையெழுத்திட்டுத் தர வேண்டும். முதல் நாளே கேட்டு வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.