களத்துமேட்டிலிருந்து கச்சேரிக்கு: கும்பினி ஆட்சியின் தொடக்கத்தில் உத்திரமேரூர்ச் சீமை

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், உத்திரமேரூருக்குச் சற்று முன்னதாக அமைந்த திருப்புலிவனம், புலிக்கால் முனிவராகிய வியாக்கிரபாதர் வழிபட்டதாகத் தலபுராணம் கூறும் வியாக்கிரபுரீசுவரர் கோயிலாலும், அக்கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளாலும் அறியப்பட்ட ஊர். அதன் அண்டையூரான உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை என்பதும், வயிரமேக தடாகம் என்ற பேரேரியைக் காக்க ஏரி வாரியம் என்னும் குழு இருந்தது என்பதும் பள்ளிப் பாடநூல் வரை சென்று சேர்ந்த செய்திகள். ஆனால் இதே வட்டாரம் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு மாறிய 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஊர் தன் விளைச்சலைத் தானே பங்கிட்டுக்கொண்ட முறை குலைந்தது அக்காலத்தில்தான் என்பதால், குடவோலைக்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு பகுதியேனும் அதற்கும் உரியது.

1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, தனக்காகப் போரிட்ட கும்பினிக்குச் செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராக, அதாவது வரி வருவாயை அனுபவிக்கும் உரிமையோடு கூடிய கொடையாக அளித்தார்; 1765இல் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் அதனை உறுதிசெய்தார். காஞ்சிபுரம், கருங்குழி முதலிய பிரிவுகளோடு உத்திரமேரூரும் இந்த ஜாகீரில் அடங்கியது. எனினும் கும்பினி அச்சீமையை நவாபிடமே குத்தகைக்கு விட்டுவிட்டு, 1780 வரை குத்தகைத் தொகையைப் பெற்றுக்கொண்டு ஒதுங்கியிருந்தது. அந்த இடைக்காலத்தில், 1767க்கும் 1774க்கும் இடையே, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் பனையோலையில் எழுத்தாணியால் கீறிய தமிழ்க் கணக்குகளே அதற்கு அடிப்படை. அவ்வோலைகளில் பல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. காந்தியச் சிந்தனையாளர் தரம்பாலும், அவர் வழியில் சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தினரும் இவற்றை வெளிக்கொணர்ந்தது தமிழக வரலாற்றுக்குச் செய்த பெருந்தொண்டு.

அந்த ஓலைகளில் நஞ்சை, புஞ்சை, ஏரி, தோப்பு, நத்தம் எனும் நில விவரமும், இன்ன தொழிலாருக்கு இத்தனை வீடு என்ற குடி விவரமும் உள்ளன. அவற்றிலும் பொருள் செறிந்தது களத்துமேட்டுக் கணக்கு. கதிரடித்துத் தூற்றி நெல் பொலியாகக் குவிந்ததும், ஆள்வோர்க்குரிய மேல்வாரம் எனவும் உழுதோர்க்குரிய குடிவாரம் எனவும் அதைப் பிரிப்பதற்கு முன்பே, ஊரார் பலருக்கும் உரிய பங்கை மரக்காலால் அளந்து ஒதுக்கினர். இத்தகைய பங்குகளுக்குச் சுதந்திரம் என்றும் மேரை என்றும் பெயர். சுதந்திரம் என்ற சொல் விடுதலையைக் குறிக்கத் தொடங்குவதற்கு முன் களத்து நெல்லில் ஒருவருக்கிருந்த உரிமையைக் குறித்தது என்பது நினைவில் நிறுத்தத்தக்கது. ஊர்க் கோயில், ஏரி மராமத்து, கணக்குப்பிள்ளை, தலையாரி, வெட்டியான், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர் என நீளும் அப்பட்டியலில் காஞ்சிபுரத்துப் பெருங்கோயில்களும் காவல் பொறுப்பிலிருந்த பாளையக்காரரும் இடம்பெற்றனர். விளைச்சலில் ஏறத்தாழ கால் பங்கு இவ்வாறு பகிரப்பட்டதாக ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். ஏரிக்கரை உடைந்தால் எவர் பணத்தில் அடைப்பது என்ற கேள்வி எழாதவாறு, அதற்குரிய நெல் அறுவடை நாளிலேயே தனியே எடுத்துவைக்கப்பட்டது.

எனினும் இம்முறையைச் சமத்துவம் என்று புகழ்வது பிழையாகும். நிலம் காணியாட்சி எனப்பட்டு, நவாப் ஆட்சிக்காலம் முதல் மிராசு என்ற அரபுச் சொல்லால் வழங்கிய உரிமையின்கீழ், பெரும்பாலும் வேளாளர், பிராமணர் குடும்பங்களிடம் பங்கு பங்காக இருந்தது. சில ஊர்களில் இப்பங்குகளைக் குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை மாற்றிக்கொள்ளும் பசுங்கரை முறையும் நிலவியது. சேற்றில் இறங்கி உழைத்த பறையர் குலத்துப் படியாட்களோ மிராசுதாரரோடு தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டிருந்தனர். களத்தில் அவர்களுக்குச் சிறு பங்கு உண்டு, காணியில் எதுவும் இல்லை.

1780இல் மைசூரை ஆண்ட ஐதர் அலியின் படை ஆற்காட்டு நவாபின் கர்நாடகச் சீமைக்குள் இறங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கும்பினியின் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அதனைத் தொடர்ந்த போர்களும் பஞ்சமும் ஊர்களை வெறுமையாக்கின. ஓடி வந்தவர்களுக்குக் கஞ்சி வார்க்கச் சென்னையில் 1782இல் எழுந்த ஏற்பாடே பின்னர் மணியக்காரர் சத்திரமாக நிலைபெற்றது. எனினும் ஜாகீரின் குடிகள் மீண்டனர். பல்லாண்டு ஊரை விட்டு அகன்றாலும் காணியாட்சி அற்றுப்போகாது என்ற வழக்கே மிராசுதாரரை மீட்டு வந்த கயிறாக இருந்தது எனலாம்.

மீண்டவர்கள் எதிர்கொண்டது வேறொரு அரசு. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்தவரும், மதுராந்தகம் ஏரியோடும் அங்குள்ள ஏரிகாத்த ராமர் கோயிலோடும் இன்றும் இணைத்துப் பேசப்படுபவருமான லயோனல் பிளேஸ், ஏரிகளைப் பழுதுபார்த்தார், காஞ்சிபுரத்துக் கோயில் திருவிழாக்களில் அக்கறை காட்டினார். அதே கையால் மானியங்களை, அதாவது வரியின்றி விடப்பட்ட நிலங்களைத் துருவி ஆராய்ந்து, தக்க ஆதாரம் இல்லாதவற்றை அரசுடைமையாக்கினார். வரியேற்ற மறுத்த மிராசுதாரர்களோடு மோதினார். அவருடைய நோக்கில் களத்துப் பங்குகளும் மானியங்களும் அரசு வருவாயிலிருந்து கழிந்துபோகும் தொகைகள். ஊரின் நோக்கில் அவை ஊரை ஊராக நிறுத்திய கட்டுமானம். இவ்விரு பார்வைகளுக்கும் இடையிலான தூரத்தைத் திறமையோ நல்லெண்ணமோ கடக்கவில்லை. ஏரி மராமத்து ஊரின் உரிமையாக இருந்த நிலை மாறி, கச்சேரியின், அதாவது அரசு அலுவலகத்தின், அனுமதிக்குக் காத்திருக்கும் செலவாயிற்று.

1802இல் ஜாகீர் 61 மிட்டாக்களாக, அதாவது வரி தண்டும் உரிமை கொண்ட பண்ணைகளாகப் பிரிக்கப்பட்டு ஏலத்தில் விடப்பட்டது. மிட்டாதாரர் பலர் நிலைக்கவில்லை. பின்னர் தனித்தனிக் குடியானவரிடம் வரி தண்டும் ரயத்துவாரி முறை வந்தது. மிராசு உரிமை எத்தகையது என்பது பற்றி, தமிழறிஞராகவும் விளங்கிய சென்னைக் கலெக்டர் எல்லிஸ் 1816இல் விரிவாக எழுதினார்.

படியாட்களுக்கு இந்த மாற்றங்களில் எதுவும் நிலம் தரவில்லை. தரிசு நிலத்துக்கு அவர்கள் மனு கொடுத்தால், மிராசுதாரருக்கே முன்னுரிமை என்ற விதி குறுக்கே நின்றது. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த திரெமென்ஹீர் படியாட்களுடைய குடியிருப்பு, கூலி, கடன், அடிமைநிலை ஆகியவற்றை விவரித்து அறிக்கை எழுதினார்; 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் எனப் பிற்காலத்தில் பெயர்பெற்ற அந்நிலங்கள் பத்தாண்டுகளுக்கு விற்கப்படக் கூடாது, அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கன்றிப் பிறருக்குக் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடு, பர்னார்டின் ஓலைகளில் வெறும் வீட்டுத் தொகையாக மட்டுமே நின்ற மக்களின் வழித்தோன்றல்களுக்கு வழங்கப்பட்டன.