திண்ணைப் பள்ளியின் வரவு செலவு

போன கூட்டத்தில் பி பிளாக்கைச் சேர்ந்த இரண்டு குடும்பத்தார் வைத்த கோரிக்கை எல்லோருக்கும் நினைவிருக்கும். பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிறார்கள். மாடிப்படி அருகே சும்மா கிடக்கும் ஸ்டோர் ரூமைக் காலையில் மூன்று மணி நேரம் தர முடியுமா என்று கேட்டார்கள். கையில் இருப்பது பத்தாயிரம் ரூபாய். அதில் மேசை வாங்குவதா, வெள்ளைப் பலகை வாங்குவதா, பழைய டிவி ஒன்று மாட்டுவதா என்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, முடிவெடுக்காமல் காபி குடித்துக் கலைந்தோம். இதே கணக்கை இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே எப்படிப் போட்டார்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1822-ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ, எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று எல்லா கலெக்டர்களிடமும் விவரம் கேட்டார். பதில்களைத் தொகுத்து அவர் குறிப்பு எழுதியது 1826 மார்ச்சில்தான். (தலைமை அலுவலகம் ஸ்டேட்மென்ட் கேட்டால் கிளைகள் எந்த வேகத்தில் அனுப்பும் என்பது எனக்குத் தெரியும். ஆச்சரியப்படவில்லை.) மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். சென்னையில் மட்டும் வீட்டில் படித்தவர்கள் 26,000-க்கு மேல் என்று கணக்கு வந்தது. பள்ளிக்குப் போனவர்களைப்போல் ஐந்து மடங்கு. இந்த எண்ணில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே எழுதிவைத்தார். ஆனாலும் வீட்டில் படிப்பது அன்று அபூர்வமல்ல என்பது தெரிகிறது.

அந்தப் பள்ளிகளில் சாமான் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு திண்ணை, கொஞ்சம் மணல், பிறகு ஓலையும் எழுத்தாணியும். விரலால் மணலில் எழுதுவது, கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவது. பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1823-ல் பெல்லாரி கலெக்டர் காம்பெல் இந்தச் சிக்கனத்தைப் பாராட்டி எழுதினார். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயர் எழுதப்படும், இரண்டாவதாக வருபவனுக்குப் பூஜ்யம், அதற்குப் பிறகு வருபவர்களுக்கு அடி என்றும் அதில் வருகிறது. பூஜ்யம் என்றால் பாராட்டும் இல்லை, தண்டனையும் இல்லை!

இந்த முறை கப்பலும் ஏறியது. எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் கவனித்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். வாத்தியார்கள் ஒத்துவராதபோது எட்டு வயதுப் பையன் ஒருவனை விட்டே சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்றது. அவர் பிறந்த ஸ்காட்லாந்து ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி இருக்கிறது.

இனி பற்றுப் பக்கம். பிள்ளைக்கு மாதச் சம்பளம் நாலணாவிலிருந்து எட்டணா வரை. எல்லாம் சேர்ந்தும் வாத்தியாருக்கு ஆறேழு ரூபாய்க்கு மேல் தேறாது, அதனால் தகுதியானவர்கள் இந்த வேலைக்கு வருவதில்லை என்று மன்றோ எழுதுகிறார். மணலில் மிச்சம் பிடித்தது சரி. வாத்தியாரிடமும் மிச்சம் பிடித்ததுதான் கோளாறு.

இன்னொரு எண்ணும் உறுத்துகிறது. அந்த 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540. நூற்றுக்கு இரண்டரைகூட வரவில்லை. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை. என் தாத்தா திண்ணையில் படித்தவர். முந்திரி, காணி, மா எல்லாம் போட்டு வட்டியை மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். ரெடி ரெக்கனர் வைத்துக்கொண்டு நான் பின்தங்குவேன். அவருடைய தங்கைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஒரே வீடு, ஒரே திண்ணை.

போன கூட்டத்தில் ஒருவர், "சி பிளாக் ரிட்டயர்ட் டீச்சரம்மா இருக்காங்களே, சும்மாவே வருவாங்க" என்றார். அவர் வரலாம், நல்ல மனசு. ஆனால் இலவசமாகக் கேட்பதை நான் எதிர்க்கிறேன். பாய், சுவரில் கரும்பலகை பெயின்ட், ஒரு தட்டு மணல், நல்ல விளக்கு: மூவாயிரத்துக்குள் முடியும். மீதி ஏழாயிரம் அவருக்குப் போகட்டும். நம் வாட்ச்மேனின் மகள் மாலையில் பைக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். அந்த நேரத்தில் ஸ்டோர் ரூம் காலிதான். சாவியை அவளிடமும் ஒன்று கொடுக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.